ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் போன சைக்கிள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சைக்கிள்களை நிறுத்த ஓர் ஓலைக் கொட்டகை போடலாமா கூடாதா என்று இந்த வருஷம் பெரிய வாக்குவாதம் நடந்ததாம். போன வாரம் இரண்டு ஆசிரியைகள் என் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தி கொட்டகை வேண்டும் என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு சைக்கிள் என்பது சிலேட்டும் பலப்பமும் மாதிரி, அது இல்லாமல் நடக்காது என்பது அவள் கட்சி. மற்றவள் வேண்டாம் என்கிறாள். சைக்கிள் என்பது பிறந்தநாளுக்கோ பரீட்சையில் தேறியதற்கோ தாய் தகப்பன் ஆசையாக வாங்கிக் கொடுப்பது, அதை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நடந்து வரட்டும் என்பது இவள் கட்சி. இரண்டு பேருமாக என்னை நடுவில் உட்கார்த்தி, "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். போதாததற்கு அதைப் பள்ளி மலருக்கு எழுதியும் தர வேண்டுமாம்.

தீர்ப்புச் சொல்லும் ஆசை எனக்கு எப்போதோ போய்விட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் பலப்பத்தை யார் ஒடித்தது என்ற வழக்கையே தீர்த்துத் தீர்த்து அலுத்துவிட்டேன். ஆனால் ஜெர்மன் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் இதே பள்ளிக்கு வந்த ஒரு சின்ன சைக்கிள் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தவள். அதை எழுதுகிறேன். கொட்டகையை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. இங்கேயே மிஷன் பள்ளியில் படித்து, இங்கேயே போதனாமுறைப் பயிற்சியும் முடித்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் நிற்கவும், தொண்டை கட்டாமல் கத்தவும் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு மாதிரிப் பாடம் நடத்தச் சொன்னார்கள். தாமிரபரணி எங்கே பிறக்கிறது என்பது பாடம். பாபநாசம் மலை என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் குழறி ராதாபுரம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்க்கத் தவம் கிடக்க வேண்டும். அப்படியும் தேறினதாகப் போட்டு வேலை கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளிக்குத் தலைமை ஒரு வெள்ளைக்கார அம்மாள். ஊர் முழுக்க அவரைப் பெரிய மிஸ்ஸியம்மா என்றுதான் சொல்லும். உயரமாக, ஒல்லியாக இருப்பார். எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். ஆனால் அவர் பேசுவது வேதபுத்தகத் தமிழ். "நீ தாமதித்தாய். தாமதித்ததை அறிந்திருக்கிறாயா?" என்று கேட்பார். கோபம் இருக்காது, சிரிப்பும் இருக்காது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் எங்களால் தாங்க முடியாது.

அவரிடம் ஒரு சைக்கிள் உண்டு. சுற்றியிருந்த கிராமப் பள்ளிகளுக்கெல்லாம் அதில்தான் போய் வருவார். வழியில் யாராவது வணக்கம் சொன்னால் ஓட்டிக்கொண்டே பதில் சொல்லமாட்டார். இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி ஏறுவார். சனிக்கிழமை தோறும் ஒரு கந்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சங்கிலிக்குத் தாமே எண்ணெய் போடுவார். ஒரு தடவை ஆயுத பூஜையன்று எங்கள் தோட்டக்காரர் மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் சந்தனம் வைத்த கையோடு மிஸ்ஸியம்மாவின் சைக்கிளுக்கும் சந்தனம் வைத்து மாலையும் போட்டுவிட்டார். நாங்கள் பயந்து போய் நின்றோம். மிஸ்ஸியம்மா வந்து பார்த்தார். "இது என் செருப்பைப் போன்றது. செருப்புக்கு மாலை வேண்டாம்" என்று சொல்லி மாலையை மட்டும் கழற்றித் தோட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். அன்று முழுவதும் அந்த சைக்கிள் சந்தனப் பொட்டோடுதான் ஊர் சுற்றியது.

எங்களுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். முதல் நாளே என் சேலை சங்கிலியில் சிக்கி, கச்சேரி வாசலில் வக்கீல் குமாஸ்தாக்கள் பார்த்திருக்க விழுந்தேன். அதோடு என் சைக்கிள் படிப்பு முடிந்தது.

அவருடைய கண்டிப்பெல்லாம் வருகைப் பதிவேட்டில்தான். இப்போதும் பதிவேடு இருக்கிறது. ஆனால் அன்று அது கோயில் மாதிரி. காலையில் இரண்டாம் மணி அடித்ததும் பேர் வாசிக்க வேண்டும். வந்த பிள்ளையின் பேருக்கு நேரே ஒரு சாய்கோடு போட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி இரண்டாம் மணி, மறுபடி பேர் வாசிப்பு. அப்போது வந்திருந்தால் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே எதிர்ச்சாய்வில் இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆனால்தான் அந்தப் பிள்ளைக்கு ஒரு முழு நாள். வராதவளுக்குச் சிவப்பு மையில் சுழி. போட்டதைச் சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது. மிஸ்ஸியம்மா எந்த நேரத்திலும் வகுப்புக்குள் வந்து தலைகளை எண்ணுவார், கோடுகளை எண்ணுவார், ஒன்றும் சொல்லாமல் போவார். சொன்னால்தான் ஆபத்து.

இனி அந்தச் சின்ன சைக்கிள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சீமையிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி வரும். அங்குள்ள கோயில் பெண்கள் சேர்த்து அனுப்பும் பொம்மை, பென்சில் பெட்டி, தைத்த கவுன், ஊசிப்பை எல்லாம் அதில் இருக்கும். பரிசளிப்பு நாளில் வருகையும் மார்க்கும் பார்த்து மிஸ்ஸியம்மா அவற்றைக் கொடுப்பார். ஒரு வருஷம் பெட்டியோடு தனியாக ஒரு மரச்சட்டம் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு சின்ன சைக்கிள். பன்னிரண்டு வயதுப் பெண் ஏறும் உயரம். பாவாடை தடுக்காமல் நடுக்கம்பி தாழ வளைந்திருந்தது. பின்சக்கரத்தில் துணி சிக்காமல் நூல் வலை பின்னியிருந்தது. கைப்பிடியில் பளபளவென்று ஒரு மணி. பள்ளியிலேயே சிறந்த பெண்ணுக்கு இது பரிசு என்று அனுப்பியவர்கள் சொல்லியிருந்தார்கள். அதன்படி கலெக்டர் கச்சேரி அதிகாரியான சிரஸ்தார் வீட்டு எலிசபெத்துக்குக் கிடைத்தது. நல்ல பெண், ஒரு நாள் தவறாமல் வருவாள். வராமல் என்ன, அவள் வீட்டு வாசலில் தும்மினால் எங்கள் வகுப்பில் கேட்கும்.

சிரஸ்தார் பக்தியுள்ள மனிதர். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். இப்போதும் நடக்கிறதே, அதேதான். வயலில் விளைந்த முதல் நெல், முதல் பூசணி, முதல் ஈத்துக் கன்று என்று அவரவர் முதற்பலனைக் கோயிலுக்குக் கொண்டு வந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் புளியமரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அங்கே விலை பார்த்து ஏலம் கேட்பதில்லை. காணிக்கையாக நினைத்து ஒரு முட்டையைக் கோழி விலைக்கு எடுப்பார்கள். "எம்மவளுக்கு வந்த முதல் பரிசு இது. முதற்பலன் ஆண்டவருக்கு" என்று சிரஸ்தார் அந்த சைக்கிளுக்கு மாலை போட்டு, இரண்டு ஆட்கள் தோளில் தூக்கி வர, கொண்டு வந்து படைத்துவிட்டார். ஊரே மெச்சியது. எலிசபெத்துக்கு ஒரே ஒரு வருத்தம்தான். மணியையாவது ஒரு தடவை அடித்துப் பார்த்திருக்கலாம் என்று என்னிடம் சொன்னாள்.

அந்த வருஷம் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் சைக்கிளை ஏலத்தில் எடுத்தார். ஒரு உழவு மாட்டின் விலை கொடுத்தார். எடுத்தவர் பேத்தியையாவது ஓட்ட விட்டாரா என்றால் இல்லை. ஆண்டவருக்குப் படைத்ததை மிதிப்பதா என்று புதுத் துணியில் சுற்றிக் கடையில் வைத்திருந்து, மறு வருஷம் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆன நன்றிக்காக அதையே திரும்பக் காணிக்கை வைத்தார். அந்தத் தடவை கருப்பட்டி மண்டி அண்ணாச்சி எடுத்தார். அவரும் மறு வருஷம் கொண்டு வந்து வைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தன் வீட்டுப் பிள்ளைக்காக அதை வைத்துக்கொண்டவன் என்ற பேரெடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. கோயிலுக்கும் லாபம். அந்த சைக்கிள் காசில்தான் கூரையில் பாதிக்கு ஓடு மாற்றினார்கள். அதனால் குருவானவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சைக்கிள் கருப்பட்டி மண்டியில் இருந்த அந்த வருஷம்தான் கிருபை என் வகுப்புக்கு வந்தாள்.

அவள் ஆற்றங்கரையில் இருக்கும் வெள்ளக்கோயிலிலிருந்து வருவாள். தகப்பன் மாசிலாமணி பார வண்டி ஓட்டுகிறவர். விடியுமுன் வண்டி பூட்டினால் பொழுது சாய்ந்துதான் வீடு. தாய்க்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலோடு கிடந்தாள். அக்கம்பக்கத்தார் எல்லாம் பகலில் வயலுக்குப் போய்விடுகிறவர்கள். ஆகவே மத்தியான மணி அடித்ததும் கிருபை வீட்டுக்கு ஓடுவாள். தாயைத் திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சியும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி ஓடி வருவாள். நடந்தால் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். எங்கள் சாப்பாட்டு வேளை ஒரு மணி நேரம்தான். அவள் எப்படி ஓடினாலும் நான் பேர் வாசித்து முடித்த பிறகுதான் வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வரலாமா என்று கேட்கமாட்டாள். சிவப்பு மைக்கூட்டை நான் மூடிவிட்டேனா என்று என் கையைத்தான் பார்ப்பாள். மூடியிருந்தால், "நாளைக்கு இன்னும் வெரசலா ஓடி வாரேன் டீச்சர்" என்பாள்.

பதிவேட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு நேரே பெருக்கல் குறிகள் நெய்த மாதிரி நிறைந்து போகும். கிருபைக்கு நேரே ஒற்றைச் சாய்கோடும் சிவப்புச் சுழியுமாகவே இருக்கும். அவள் கணக்கில் கெட்டிக்காரி. வாய்க்கணக்கில் எனக்கு முன்னால் விடை சொல்லிவிடுவாள். ஆனால் அந்த வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து நடத்தும் பரீட்சைக்கு, குறிப்பிட்ட அளவு வருகை இருந்தால்தான் பேரே போகும். அவள் போகிற போக்கில் பேர் போகாது என்பது எனக்குப் பாதி வருஷத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கோயிலுக்குப் போனேன். மாசிலாமணி மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"படிக்கட்டும்னுதான் நானும் நெனைக்கேன் டீச்சரம்மா" என்றார். "பரீட்சைக்குப் பேரு வந்தா மேல படிக்கட்டும். வரலன்னா நிப்பாட்டிருவேன். அங்கனயும் இங்கனயும் ஓடி ஓடிப் பிள்ள எலும்பாப் போச்சு. எதுக்கு ஓடுதோம்னு ஒரு முடிவு வேண்டாமா?"

"மத்தியானத்துக்கு வேறு யாரையாவது..."

"யாரு இருக்கா? நான் வண்டிய விட்டா மாடும் பட்டினி, நாங்களும் பட்டினி."

உள்ளே கட்டிலில் கிடந்தவள் பேச்சு சரியாக வராமல் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. கிருபைதான் சொன்னாள். "அம்மைக்கு மத்தியானம் கஞ்சி வேண்டாமாம் டீச்சர். சாயங்காலம் வந்து குடுத்தாப் போதுமாம். தெனமும் இதத்தான் சொல்லுதா." சொல்லிவிட்டுத் தாயின் வாயைத் துடைத்துவிட்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மூன்று பேர் மேலும் தப்பில்லை, ஆனாலும் பிள்ளை படிப்பு நின்றுவிடப் போகிறது. திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்புத்தான்.

மறுநாள் மிஸ்ஸியம்மாவிடம் போய், மத்தியான இரண்டாம் மணியைக் கொஞ்சம் தள்ளி அடிக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். பிந்தி வந்தாலும் குறுக்குக் கோட்டையாவது போட்டுக்கொள்ளலாமா, பிள்ளை எப்படியும் வந்துவிடுகிறாளே என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பதிவேட்டில் இரக்கம் எழுதப்படுவதில்லை. வந்தது மட்டும் எழுதப்படுகிறது. நாம் இரக்கத்தை அதில் எழுதினால், பிறகு வந்தவர்களையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்."

எனக்குக் கோபம் வந்தது. வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, கருப்பட்டி மண்டியில் ஒரு சைக்கிள் சும்மா கிடக்கிறதே, அதையாவது கேட்டு வாங்கித் தாருங்கள் என்று சொன்னேன். அவர் மறுபடி பேனாவை எடுத்தார்.

"சபையார் தேவனுக்குப் படைத்ததை நான் கேட்க இயலாது. நீ கேட்டுப் பார்" என்றார்.

கேட்டுப் பார்த்தேன். மண்டி ஓட்டுக்கூரையின் கீழே, உத்தரத்திலிருந்து கயிற்றில் கட்டி சைக்கிளைத் தொங்கவிட்டிருந்தார் அண்ணாச்சி. வெள்ளைத் துணி சுற்றி, மேலே காய்ந்த மாலையும் தொங்கியது. அடுக்கி வைத்த கருப்பட்டிச் சிப்பங்களின் சூடும் ஓட்டுச் சூடும் சேர்ந்து உள்ளே நிற்க முடியவில்லை.

"எறும்பு ஏறிரும்லா, அதான் கட்டித் தொங்க விட்டிருக்கேன்" என்றார் பெருமையாக.

"அண்ணாச்சி, அத ஒரு பிள்ளைக்கு இரவல் தரணும். மத்தியானம் மட்டும் போதும்" என்று கிருபை கதையைச் சொன்னேன்.

அவர் கேட்டு உருகித்தான் போனார். ஆனால் தலையை ஆட்டினார். "வேற என்னத்த வேணாலும் கேளுங்க டீச்சரம்மா. அரிசி வேணுமா, கருப்பட்டி வேணுமா, சொல்லுங்க. இது ஆண்டவர் சைக்கிள். நான் வெறும் காவக்காரன். காவக்காரன் இரவல் குடுக்கலாமா?"

"ஆண்டவர் இத ஓட்டப் போறாரா அண்ணாச்சி?"

"நீங்க வாத்திச்சி, ஒங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? ஆனா குடுக்கமாட்டேன்."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கிருபையின் தாய்க்கென்று ஒரு சிப்பம் கருப்பட்டி கட்டிக் கொடுத்தார். அதை நான் சுமந்து கொண்டு போனதுதான் மிச்சம்.

பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்து புளியமரத்தடியில் ஏலம் தொடங்கியது. ஏலம் விடுவது கோயில்பிள்ளை. கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் சும்மா காட்டமாட்டார்கள், சோதித்துக் காட்டுவார்கள். கன்றைப் பத்து எட்டு நடத்துவார்கள். பானையைத் தட்டிச் சத்தம் கேட்க வைப்பார்கள். கோழியின் காலை அவிழ்த்து நிறுத்துவார்கள். பழுதுள்ளதைப் படைக்கக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறதல்லவா, அதற்காக.

கன்று, பானை, வாழைத்தார் எல்லாம் போன பிறகு சைக்கிள் வந்தது. வழக்கம் போல இரண்டு பேர் தோளில் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார்கள். கருப்பட்டி அண்ணாச்சி துணியை அவிழ்த்தார். மணி அப்போதும் பளபளத்தது. கோயில்பிள்ளை வாயைத் திறக்குமுன் பெண்கள் பக்கமிருந்து மிஸ்ஸியம்மா எழுந்தார். ஏலத்தில் அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

"கோயில்பிள்ளை, கன்றுக்குட்டியை நடத்திக் காட்டினீர். இதை ஏன் நடத்திக் காட்டவில்லை?"

கோயில்பிள்ளை திகைத்துவிட்டார். "இது சைக்கிள்லா அம்மா. நல்லாத்தான் இருக்கு."

"நடத்திப் பார்த்தீரா?"

கோயில்பிள்ளை குருவானவரைப் பார்த்தார். குருவானவர் தலையசைத்தார். சைக்கிளை மேஜையிலிருந்து இறக்கினார்கள். சீமையிலிருந்து வந்த பிறகு அது தரையைத் தொட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். எல்லா வருஷமும் தூக்கித்தான் வந்திருக்கிறார்கள். கோயில்பிள்ளை கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். கிறீச்சென்று ஒரு சத்தம். சங்கிலி துருவேறி இறுகியிருந்தது. இன்னும் பலமாகத் தள்ளினார். சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றியது. அதன் ரப்பர் வறண்ட வரட்டி போல வெடித்துத் துண்டு துண்டாக மண்ணில் உதிர்ந்தது.

கருப்பட்டி அண்ணாச்சி குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். அது பொடியாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் ஒரு நாள்கூடத் தொடலியே அம்மா" என்றார் மிஸ்ஸியம்மாவிடம். "துணி சுத்தித்தான் வச்சிருந்தேன்."

"அதனால்தான்" என்றார் மிஸ்ஸியம்மா. உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு முன்பே தெரியுமா என்று பிற்பாடு ஒரு தடவை கேட்டேன். "இந்த ஊர் வெயிலில் என் சக்கரங்களுக்கே அடிக்கடி ரப்பர் மாற்றுகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று புளியமரத்தடியில் பெரிய சங்கடம். பழுதுள்ளதைக் காணிக்கையாக வைக்க முடியாது. படைத்ததைத் திரும்ப எடுத்துப் போகச் சொல்லவும் முடியாது. மூப்பர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். கடைசியில் குருவானவர், ஏலம் விட்டுவிடுங்கள், எடுத்தவர் அதைத் தம் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். கோயில்பிள்ளை கூவினார். கேட்க ஆள் இல்லை. மறுபடி கூவினார். போன வருஷம் போட்டி போட்டவர்கள் எல்லாம் பூசணிக்காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு நாள் வண்டி வாடகை."

மாசிலாமணி. பண்டிகைக்குக் காய்கறிப் பாரம் ஏற்றி வந்தவர், மாட்டை அவிழ்த்துவிட்டு ஓரமாக நின்றிருந்தார்.

"துட்டு எங்கிட்ட இல்ல. கோயிலுக்கு ஒரு நாள் வண்டி சும்மா ஓட்டுதேன். அதுக்குக் குடுப்பீயளா?"

"ஒமக்கு எதுக்கு வே சைக்கிள்?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எனக்கு எதுக்கு? எம்மவளுக்கு. மத்தியானம் அவ அம்ம தண்ணிக்குக் காத்துக் கெடக்கா." சிரித்தவர்களை அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. குருவானவர் கோயில்பிள்ளையைப் பார்த்தார். கோயில்பிள்ளை மேஜையைத் தட்டினார்.

அந்தச் சின்ன அளவு ரப்பருக்குச் சென்னைக்கு எழுத வேண்டும், அது வர எத்தனை நாளோ. மாசிலாமணி காத்திருக்கவில்லை. தேங்காய்நார்க் கயிற்றை முறுக்கிச் சக்கர வளையத்தில் இறுகச் சுற்றி, மேலே மாடு பூட்டும் பழைய தோல்வாரை வைத்துத் தைத்துவிட்டார். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, வண்டி மசகைத் தடவினார். பார்க்கக் கண்ணராவியாக இருந்தது. தள்ளினால் தடதடவென்று தெருவே அதிரும். ஆனால் ஓடியது.

சாயங்காலங்களில் பள்ளி முற்றத்தில் பழக்கினோம். இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது நான். தூரத்தில் நின்று சொல்லிக் கொடுத்தது மிஸ்ஸியம்மா. "சக்கரத்தைப் பார்க்காதே. வாசலைப் பார்" என்பார். கிருபை விழுந்தாள், எழுந்தாள், முழங்காலில் மண்ணோடு மறுபடி ஏறினாள். ஒரு வாரத்துக்குள் என் கையிலிருந்து விடுபட்டு, வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள். நான் மூச்சு வாங்க நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் மூச்சு வாங்கியதில்லை.

பேச்சு வராமல் இருக்குமா? வளரும் பெண்பிள்ளையைத் தெருவில் சைக்கிள் ஓட்ட விடுகிறாரே என்று சில அம்மாமார் மாசிலாமணி காதில் விழும்படி பேசினார்கள். "எம்மவ கஞ்சி கொண்டு போறா. வேடிக்கை காட்டப் போகல" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து தெருப்பக்கமே காதை வைத்திருந்தார்கள். இரண்டாம் மணிக்குத் தோட்டக்காரர் கயிற்றைப் பிடித்தபோது அந்தத் தடதடச் சத்தம் கேட்டது. நான் பேர் வாசித்தேன். கிருபை என்றேன். "உள்ளேன் அம்மா" என்றாள், வேர்த்து வழிய. காலையில் போட்ட கோட்டுக்குக் குறுக்கே கோடு போட்டேன். அவசரத்தில் அது கொஞ்சம் கோணிவிட்டது. மிஸ்ஸியம்மா வந்து தலைகளை எண்ணினார், கோடுகளை எண்ணினார், ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியைக் கிருபை கையில் கொடுத்து, "சனிக்கிழமை தோறும்" என்றார்.

பரீட்சைக்கு வேண்டிய வருகை சேர்ந்தது. மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, சேர்ந்தது. பேர் போயிற்று, தேறினாள், மேல் வகுப்புக்குப் போனாள். மாசிலாமணி சொன்ன சொல் தவறவில்லை.

மறு வருஷம் மறுபடி ஸ்தோத்திரப் பண்டிகை. ஏலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. அதற்காக எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தேன். வரிசையில் கிருபை இடம் மட்டும் காலியாக இருந்தது. பூசணிக்காய்களை ஏலத்துக்காக வழி நெடுகப் பரப்பி வைத்திருந்தார்கள். கோயில்பிள்ளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தார். மேஜை காலியானதும் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். இத்தனை வருஷப் பழக்கம், கண் தானாகத் தேடுகிறது.

"மாசிலாமணி, சைக்கிள எங்க? கொண்டு வரலியா?"

கூட்டம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. மற்றவர்களெல்லாம் திரும்பக் கொண்டு வந்து வைத்தவர்கள். மாசிலாமணி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது வேலைக்குப் போயிருக்கு ஐயா" என்றார்.

குருவானவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது கோயில் தெரு முனையில் தடதடவென்று சத்தம் கேட்டது. தாய்க்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிருபை முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். மணியை விடாமல் அடித்தாள். முன்வரிசையில் இருந்த கருப்பட்டி மண்டி அண்ணாச்சி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழியில் கிடந்த பூசணிக்காய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைக்க ஆரம்பித்தார்.

"ஒதுங்குங்க வே" என்றார் மற்றவர்களிடம். "வேலைக்குப் போன வண்டி வருது."